நிரை நிரலாகும்போது

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் திருத்தியாயிற்று. பத்தாம் வகுப்பாசிரியரின் மேசைக்கு ஐந்து தாள்கள் வந்து சேர்கின்றன. தமிழாசிரியர் கொடுத்தது ஒன்று, ஆங்கில ஆசிரியர் கொடுத்தது ஒன்று. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று மற்ற மூன்று. ஒவ்வொரு தாளிலும் 40 வரிகள். வரிக்கு ஒரு மாணவரின் எண், அதற்கு நேராக ஒரு மதிப்பெண். ஆசிரியர் நீளப் பதிவேட்டை விரித்து, அடிக்கோல் வைத்துக் கோடு இழுக்கிறார். இடது ஓரத்தில் மாணவர் பெயர்கள். தலைப்பில் ஐந்து பாடங்கள், கடைசியில் மொத்தமும் ரேங்க்கும். பிறகு ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்து, அந்த மாணவரும் அந்தப் பாடமும் சந்திக்கும் கட்டத்தில் எழுதுகிறார். மொத்தம் 200 மதிப்பெண்கள். ஒரு மாலைப்பொழுது அதிலேயே போய்விடும்.

இதே வேலையைத் தரவுத்தளத்திடம் ஒப்படைத்தால் கண் இமைப்பதற்குள் முடித்துத் தரும். ஆனால் அதனிடம் எப்படிக் கேட்பது? தரவுத்தளத்தோடு பழகத் தொடங்கும் எவரும் முதல் சில மாதங்களுக்குள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். கீழ்நோக்கி அடுக்கியிருக்கும் விவரங்களைப் பக்கவாட்டில் பரப்ப வேண்டும், அவ்வளவுதான். பார்த்தால் ஒரே சொல்லில் முடிகிற வேலை போலத் தெரியும். ஆனால் எழுதத் தொடங்கினால் கை நின்றுவிடும். அப்படி நிற்பதற்குக் காரணம் எழுதுபவரின் அனுபவக் குறைவு அல்ல. அந்தக் காரணம் தரவுத்தளத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. எனக்கு அது கணினி அறிவியலின் அழகான இடங்களில் ஒன்றாகத் தோன்றுகிறது.

விடை நம் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்திலேயே, இரண்டு இயல்களில் பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலின் இயற்கணித இயலில் அணிகள் வருகின்றன. கிடையாக ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். நிரைகளை நிரல்களாகவும் நிரல்களை நிரைகளாகவும் மாற்றி எழுதினால் கிடைப்பது நிரை நிரல் மாற்று அணி. விரித்த பாயைத் திருப்பிப் போடுவது போன்ற காரியம். மாற்றியதை இன்னொரு முறை மாற்றினால் பழைய அணியே திரும்பி வந்துவிடும். அணிக்கு நிரையும் ஒன்றுதான், நிரலும் ஒன்றுதான்.

அதே புத்தகத்தின் முதல் இயலின் பெயர் ‘உறவுகளும் சார்புகளும்’. கார்டீசியன் பெருக்கலில் தொடங்கி, அதன் உட்கணமே உறவு என்று சொல்லித் தருகிற பாடம். மாணவர் எண்களை ஒரு கணமாக வையுங்கள், பாடங்களை இன்னொரு கணமாக, 0 முதல் 100 வரையுள்ள எண்களை மூன்றாவது கணமாக. மூன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துக் கோத்தால் ‘17, கணிதம், 91’ என்று ஒரு தொகுப்பு கிடைக்கும். இப்படிக் கோக்கக்கூடிய ஆயிரக்கணக்கான தொகுப்புகளில் உண்மையிலேயே நடந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது ஓர் உறவு. தரவுத்தளத்தில் அட்டவணை என்று சொல்லப்படுவது இந்த உறவைத்தான், அணியை அல்ல. தாளில் வரைந்தால் இரண்டும் கட்டம் போட்டது போலத்தான் இருக்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

உறவு என்ற கணிதக் கருத்தைத் தரவுகளின் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் எட்கர் காட். 1923-இல் இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானி. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, 1970 ஜூன் மாதம், 11 பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை விவரங்கள் கிளைவிட்ட மரம் போலவோ கண்ணிகள் கோத்த சங்கிலி போலவோ சேமிக்கப்பட்டன. ஒன்றைத் தேடினால் எந்தக் கிளையில் ஏறி எந்தக் கண்ணியைப் பிடிக்க வேண்டும் என்பதைக் கேட்பவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். காட் அந்தச் சுமையை இறக்கி வைத்தார். விவரங்களை உறவுகளாக வையுங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எந்த வழியில் போய் எடுப்பது என்பது கணினியின் பாடு என்றார். 1981-இல் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

காட் சொன்ன உறவில் நிரையும் நிரலும் ஒரே சாதி அல்ல. பள்ளிக்கூடத்துக் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்ற கேள்வியை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் அட்டவணை என்பது இப்படி அச்சிட்ட ஒரே ஒரு வாக்கியம்: ‘____ எண் மாணவர் ____ பாடத்தில் ____ மதிப்பெண் பெற்றார்.’ மூன்று கோடிட்ட இடங்கள், மூன்று நிரல்கள். அவற்றை ஒருமுறை நிரப்பினால் ஒரு நிரை. ‘17ஆம் எண் மாணவர் கணிதப் பாடத்தில் 91 மதிப்பெண் பெற்றார்’ என்பது ஓர் உண்மைக் கூற்று. அந்தக் கூற்றுக்குப் பெயர் கிடையாது, இத்தனையாவது என்ற வரிசையும் கிடையாது. இன்று 200 கூற்றுகள் இருக்கலாம், நாளை 2 கோடி ஆகலாம். வாக்கியம் மட்டும் மாறாது.

இப்போது வகுப்பாசிரியரின் பதிவேட்டுக்கு வாருங்கள். அதன் வாக்கியம் வேறு: ‘____ எண் மாணவர் தமிழில் ____, ஆங்கிலத்தில் ____, கணிதத்தில் ____, அறிவியலில் ____, சமூக அறிவியலில் ____ பெற்றார்.’ முந்தைய வாக்கியத்தில் ‘கணிதம்’ என்பது கோடிட்ட இடத்தில் பேனாவால் எழுதிய விடை. இந்த வாக்கியத்தில் அது அச்சில் வந்துவிட்டது, கேள்வித்தாளின் பகுதியாகிவிட்டது. நிரையை நிரலாக்குவது என்றால் இதுதான். பாயைத் திருப்பிப் போடுகிற வேலையல்ல இது. விடையாக இருந்த ஒரு சொல்லை வினாவுக்குள் ஏற்றுகிற வேலை. கேள்வித்தாளைத் தேர்வுக்கு முன்னால் அச்சடித்தாக வேண்டும் அல்லவா? எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே பதிவேட்டு வடிவத்தில் சேமித்து வைத்தால் என்ன? சிறிய வகுப்புக்குச் சரிப்படும். ஆனால் ஒரு மாணவி விருப்ப மொழியாக உருதுவையோ தெலுங்கையோ எழுதினால் அவர் ஒருவருக்காக அட்டவணைக்கே ஒரு நிரல் சேர்க்க வேண்டும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று தேர்வுகள் வந்தால் ஐந்து நிரல்கள் பதினைந்தாகும். மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். இரத்தத்திலும் சிறுநீரிலும் செய்யக்கூடிய பரிசோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு நோயாளிக்குச் செய்வதோ பத்துப் பதினைந்து. பரிசோதனைக்கு ஒரு நிரல் என்று வைத்தால் அட்டவணை முழுக்க வெற்றுக் கட்டங்களாகவே நீளும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணைக்கு அதிகபட்சம் 1,600 நிரல்கள்தான் கொள்ளும். நிரைகளோ கோடிக்கணக்கில் கொள்ளும். ஆகவே ‘யார், எது, எவ்வளவு’ என்று ஒல்லியாகச் சேமிப்பதே வழக்கம். இணையதளங்கள் பல இயங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் பதிவுகளின் கூடுதல் விவரங்களை இப்படித்தான் நான்கே நிரல்களில் வைத்திருக்கிறது: வரிசை எண், பதிவு எண், விவரத்தின் பெயர், அதன் மதிப்பு.

சேமிப்புக்கு ஒல்லி வடிவம் நல்லது. கண்ணுக்கு அது உதவாது. மருத்துவர் சர்க்கரையும் கிரியேட்டினினும் நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்கின என்று ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். பெற்றோர் ஐந்து பாடங்களையும் ஒரே வரியில் பார்க்க வேண்டும். எனவே ஒல்லியாக இருப்பதை அகலமாக்கும் வேலை ஓயாது.

அந்த வேலையைச் செய்த முதல் இயந்திரம் காட்டின் கட்டுரைக்கு 80 ஆண்டுகள் மூத்தது. அமெரிக்காவின் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொகுத்து முடிக்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்ததற்குள் முந்தையது முடியுமா என்ற கவலை வந்துவிட்டது. ஹெர்மன் ஹொலரித் என்ற இளம் பொறியாளர் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு அதற்கு வழி கண்டார். ரயில் நடத்துநர் பயணியின் அடையாளங்களைக் குறிக்கப் பயணச்சீட்டில் ஓட்டை போடுவதைப் பார்த்ததிலிருந்து இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1890 கணக்கெடுப்பில் 6 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஆளுக்கு ஓர் அட்டை. ஆண் என்றால் ஓரிடத்தில் ஓட்டை, பெண் என்றால் வேறிடத்தில். வயதுக்கு, பிறந்த நாட்டுக்கு, தொழிலுக்கு எல்லாம் தனித்தனி இடங்கள்.

அட்டையைக் கருவியில் வைத்து அழுத்தினால் சுருள்வில் பொருத்திய ஊசிகள் கீழே இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி புகுந்து, அடியில் உள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று முழுமையாகும். எதிரே மரச்சட்டத்தில் கடிகாரங்கள் போல 40 முகப்புகள். அந்தச் சுற்றோடு கம்பியால் இணைத்த முகப்பின் முள் ஓர் எண் நகரும்; மற்ற முகப்புகளின் முட்கள் அசையாது. ‘பெண், வெளிநாட்டில் பிறந்தவர்’ என்பது போன்ற கூட்டுக் கணக்குகளுக்கும் மின்சுவிட்சுகளை இணைத்து ஒரு முகப்பை ஒதுக்கலாம்.

இதில் அட்டைதான் நிரை, முகப்புதான் நிரல். ஓர் அட்டை எல்லா முகப்புகளுக்கும் முன்னால் நிற்கிறது. தனக்குரிய முகப்பில் 1 சேர்க்கிறது, மற்றவற்றில் 0 சேர்க்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த முகப்பு எதை எண்ண வேண்டும் என்று முதல் அட்டையை வைப்பதற்கு முன்பே கம்பிகளை இணைத்தாக வேண்டும். பாதி வேலையில் எதிர்பாராத ஒரு வகை வந்தால் அதற்கு முகப்பு கிடையாது. ஹொலரித்தின் நிறுவனம் 1911-இல் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனமே 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிற்காலத்தில் காட் வேலை பார்த்த அதே ஐபிஎம்.

சான் ஹோசே ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் போய்ஸும் 1974-இல் காட்டின் கருத்துக்கேற்ற ஒரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். அதற்கு ‘சீக்வல்’ என்று பெயர். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் பிறகு எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. போய்ஸ் அதே ஆண்டில், இருபதுகளிலேயே இறந்துபோனார். தன் மொழி உலகம் முழுவதும் பேசப்படுவதை அவர் பார்க்கவில்லை. அந்த மொழியில் வடிகட்டலாம், இணைக்கலாம், ‘மாணவர் வாரியாகக் கூட்டு’ என்று கேட்கலாம். ‘நிரையை நிரலாக்கு’ என்று சொல்ல மட்டும் ஒரு சொல் இல்லை.

சொல் இல்லாத இடத்தில் மக்கள் வித்தை கண்டுபிடித்தார்கள். 1995-இல் டேவிட் ரோசன்ஷ்டைன், அனடோலி அப்ரமோவிச், யூஜின் பிர்கர் ஆகிய மூவரும் எழுதிய ஒரு நூல் இந்த வித்தையை முறைப்படுத்திக் காட்டியது. அதன் சாரத்தை ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

பாடங்களுக்கு எண் கொடுங்கள்: தமிழ் 1, ஆங்கிலம் 2, கணிதம் 3, அறிவியல் 4, சமூக அறிவியல் 5. 17ஆம் எண் மாணவரின் ஐந்து நிரைகளில் மதிப்பெண்கள் முறையே 85, 72, 91, 78, 88. கணிதம் என்ற நிரலை எப்படி உண்டாக்குவது? ஒவ்வொரு நிரையிலும் பாட எண்ணிலிருந்து 3-ஐக் கழியுங்கள். -2, -1, 0, 1, 2 என்று வரும். இப்போது எண்ணின் அளவை விட்டுவிட்டு அது குறையா, சுழியா, மிகையா என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: -1, -1, 0, 1, 1. குறைக்குறியையும் நீக்கிவிடுங்கள்: 1, 1, 0, 1, 1. கடைசியாக இவற்றை 1-இலிருந்து கழியுங்கள். 0, 0, 1, 0, 0.

என்ன நடந்தது பாருங்கள். ‘இது கணிதமா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்லத் தெரியாத ஒரு கணக்கு, வெறும் கழித்தலைக் கொண்டே ஆம் என்பதற்கு 1 என்றும் இல்லை என்பதற்கு 0 என்றும் விடை சொல்லிவிட்டது. ஹொலரித்தின் ஊசியும் பாதரசக் கிண்ணமும் செய்த அதே வேலை. கணிதவியலாளர்களுக்கு இது குரோனெக்கர் டெல்டா என்ற பழைய நண்பன்: இரண்டு எண்கள் ஒன்றானால் 1, வேறானால் 0. இந்த வரிசையை மதிப்பெண்களோடு பெருக்கினால் 0, 0, 91, 0, 0. கூட்டினால் 91. கணிதம் என்ற நிரல் பிறந்துவிட்டது. 3-க்குப் பதில் 1, 2, 4, 5 என்று வைத்து இதையே திரும்பச் செய்தால் மற்ற நான்கு நிரல்களும் வந்துவிடும்.

எஸ்க்யூஎல் மொழியின் 1992 தரநிலையில் ‘கேஸ்’ என்ற சொல் சேர்ந்தது. பல தரவுத்தளங்களுக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்தபிறகு கழித்தல் வித்தை தேவைப்படவில்லை. ‘பாடம் கணிதமாக இருந்தால் மதிப்பெண்ணைக் கொடு’ என்று நேரடியாகவே சொல்லலாம். ஐந்து பாடங்களுக்கும் இப்படி எழுதினால், கூட்டுவதற்கு முந்தைய கணத்தில் அந்த மாணவரின் ஐந்து நிரைகளும் இப்படி நிற்கும்:

85  –  –  –  –
–  72  –  –  –
–  –  91  –  –
–  –  –  78  –
–  –  –  –  88

அழகான படிக்கட்டு. ஒவ்வொரு எண்ணும் தன் நிரலுக்கு நகர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் தன் சொந்த நிரையிலேயே இருக்கிறது. அடுத்து ‘மாணவர் வாரியாகத் தொகு’ என்ற கட்டளை வருகிறது. படிக்கட்டு மேலிருந்து அழுத்தியது போலச் சரிந்து ஒரே தட்டாகிறது: 85, 72, 91, 78, 88. முதலில் பரப்பு, பிறகு அழுத்து. முதல்முறை இது புரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. இந்தப் படிக்கட்டை மனத்தில் பார்த்துவிட்டவர் இந்த வினவலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அந்தக் கோடுகள் இருக்கும் இடங்களில் எதை வைப்பது என்பதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. கழித்தல் வித்தையில் அங்கே 0 இருந்தது. ‘கேஸ்’ எழுதும்போதும் ‘இல்லாவிட்டால் 0 கொடு’ என்று பலர் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். கூட்டும்போது தீங்கில்லை. ஆனால் அதே வினவலில் கூட்டலுக்குப் பதில் சராசரி கேட்டுப் பாருங்கள். தமிழ் நிரலில் 85, 0, 0, 0, 0 என்று ஐந்து எண்கள் இருக்கின்றன, சராசரி 17! தமிழில் 85 வாங்கியவர் 17 வாங்கியதாகத் தரவுத்தளம் கொஞ்சமும் தயங்காமல் சொல்லும். ‘இல்லாவிட்டால்’ என்ற பகுதியையே எழுதாமல் விட்டால் அந்த இடங்கள் ‘நல்’ என்னும் வெறுமையாக இருக்கும். சராசரி வெறுமையைக் கணக்கில் சேர்க்காது. சரியாக 85 தரும்.

சுழியம் வேறு, வெறுமை வேறு. தேர்வுக்கு வந்து ஒரு கேள்விக்கும் சரியாக விடை எழுதாதவர் 0. காய்ச்சலில் படுத்து வராமலே போனவருக்கு அந்தப் பாடத்தில் கூற்றே இல்லை. பதிவேட்டில் ஆசிரியர் இந்த இருவரையும் குழப்பமாட்டார். ஒருவருக்கு 0 போட்டு, மற்றவருக்கு ‘வரவில்லை’ என்று எழுதுவார். ஒல்லி அட்டவணையிலும் குழப்பம் கிடையாது: முதலாமவருக்கு நிரை உண்டு, இரண்டாமவருக்கு நிரை இல்லை. அகலமாக்கும் அந்த நொடியில்தான், கவனம் தவறினால், இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். மழைமானியில் 0 மில்லிமீட்டர் பதிவான நாளும், மழைமானி பழுதாகி அளவே எடுக்காத நாளும் ஒன்றாகிப்போனால் வறட்சியைப் பற்றி எடுக்கும் முடிவே தவறாகும். அதனால் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்பெண்தான் வரப்போகிறது என்றால் அதைப் போய்க் கூட்டுவது எதற்கு? காரணம், ஒன்றுதான் வரும் என்பது நமக்குத் தெரியும், அந்த வினவலுக்குத் தெரியாது. பல நிரைகள் சரிந்து ஒன்றாகும்போது ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள் மோதினால் என்ன செய்வது என்று அது முன்கூட்டியே கேட்டுவைக்கிறது. கூட்டவா, பெரியதை எடுக்கவா, சிறியதையா, சராசரியா? கேள்வி நியாயமானது. ஒரு மாணவர் கணிதத்தில் 41 வாங்கி, மறுதேர்வு எழுதி 63 வாங்கியிருந்தால் இரண்டு நிரைகள் இருக்கும். கூட்டினால் 104, நூற்றுக்கு மேலே போனதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சராசரி கேட்டால் 52. அவர் எந்தத் தேர்விலும் வாங்காத அந்த எண், பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாமல் பதிவேட்டில் உட்கார்ந்துகொள்ளும். பெரியதை எடுத்தால் 63 வரும், 41 இருந்த தடமே தெரியாது. எது சரி என்பது கணினி அறிவியலின் கேள்வி அல்ல. பள்ளி முடிவு செய்ய வேண்டியது.

கடைசியில், நிரையை நிரலாக்கு என்று சொல்ல ‘பிவட்’ என்ற சொல்லே வந்து சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கானர் கன்னிங்ஹாம், சீசர் கலிண்டோ-லெகாரியா, கோட்ஸ் கிரேஃபே ஆகியோர் 2004-இல் டொரண்டோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் இதற்கான கட்டுரையை அளித்தார்கள். எஸ்க்யூஎல் சர்வரின் 2005 பதிப்பில் பிவட் இடம்பெற்றது; ஆரக்கிள் தரவுத்தளத்தின் 11ஜி பதிப்பு 2007-இல் அதைத் தொடர்ந்தது. எழுதுவது சுருக்கமானது. ஆனால் எந்தெந்தப் பாடங்கள் நிரல்களாக வேண்டும் என்ற பட்டியலை இதிலும் நாமே எழுதித் தர வேண்டும். ‘பாடங்கள் என்னென்ன இருக்கின்றனவோ அத்தனையும்’ என்று சொல்ல வழியில்லை. ஹொலரித்தின் கம்பி இணைப்பு விதி 115 ஆண்டுகள் கழித்தும் அப்படியே நின்றது.

இதைப் பிடிவாதம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. எஸ்க்யூஎல்லின் பலமே, ஒரு வினவலின் விடை இன்னொரு வினவலின் மூலப்பொருள் ஆகலாம் என்பதுதான். உறவைக் கேட்டால் உறவு கிடைக்கும். அதை மேலும் வடிகட்டலாம், இணைக்கலாம், அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போகலாம். ‘கணிதம் 90-க்கு மேல் உள்ளவர்கள்’ என்று மேலடுக்கு கேட்கிறது என்று வையுங்கள். கீழடுக்கு தரும் விடையில் ‘கணிதம்’ என்ற நிரல் இன்று இருக்கும், நாளைய தரவைப் பொறுத்து இல்லாமலும் போகும் என்றால் அந்தக் கேள்விக்கே பொருள் இல்லாமல் போய்விடும். தரவுத்தளம் ஒரு நிரையைக்கூடத் தொடுவதற்கு முன்பே விடையின் வடிவத்தை, நிரல்களின் பெயரையும் வகையையும், உறுதி செய்துகொள்கிறது. அந்த உறுதியின்மேல்தான் அடுக்குகள் நிற்கின்றன.

பட்டியல் முன்கூட்டித் தெரியாவிட்டால் இரண்டு நடை நடக்க வேண்டும். முதல் நடையில் ‘என்னென்ன பாடங்கள் இருக்கின்றன?’ என்று கேட்டு, வந்த பெயர்களைக் கோத்து ஒரு புதிய வினவலை எழுத்தாக உருவாக்க வேண்டும். இரண்டாம் நடையில் அந்த எழுத்தையே கட்டளையாக ஓட்ட வேண்டும். தரவிலிருந்து கட்டளை பிறக்கிறது என்பதால் இதில் அபாயமும் உண்டு. யாரோ ஒருவர் பாடத்தின் பெயர் என்ற இடத்தில் விஷமமாக ஒரு கட்டளைத் துண்டை எழுதி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஓடிவிடும். பெயர்களை மேற்கோளிட்டுப் பாதுகாக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டக்டிபி போன்ற புதிய தரவுத்தளங்கள் பட்டியல் கேட்காமலேயே பிவட் செய்து தருகின்றன. வெளியே ஒரே நடை போலத் தெரியும். உள்ளே அதுவும் முதலில் பெயர்களைத் திரட்டிவிட்டுத்தான் அடுத்த நடைக்குப் போகிறது.

எக்ஸெல் பயன்படுத்துவோர் ‘எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையே’ என்பார்கள். உண்மைதான். 1991-இல் நெக்ஸ்ட் கணினிக்காக வெளிவந்த லோட்டஸ் இம்ப்ரூவ் மென்பொருளின் பின்னால் இருந்த பீட்டோ சாலஸைத்தான் பிவட் டேபிளின் தந்தை என்கிறார்கள். எக்ஸெல் 1993-இல் அந்த வசதியைத் தன் 5ஆம் பதிப்பில் கொண்டுவந்தது. சுட்டியால் இழுத்துப் போட்டால் நிரல்கள் தாமாக விரிகின்றன. அங்கே விடையைப் பார்ப்பது மனிதக் கண். அகலம் கூடினாலும் குறைந்தாலும் கண் சமாளித்துக்கொள்ளும். அடுத்த அடுக்கில் காத்திருக்கும் வினவலால் அது முடியாது.

அணியைப் பற்றிச் சொன்னபோது, இருமுறை மாற்றினால் பழையதே திரும்பி வரும் என்று சொன்னேன். பிவட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அகலமானதை மீண்டும் ஒல்லியாக்க ‘அன்பிவட்’ என்ற சொல் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே மதிப்பெண் இருந்தவரை நிரைகள் பத்திரமாகத் திரும்பி வரும். ஆனால் 41-உம் 63-உம் 52 ஆனபிறகு அந்த 52-இலிருந்து இரண்டையும் மீட்டெடுக்க எந்த வினவலாலும் முடியாது. ‘வரவில்லை’ என்பது 0 ஆனபிறகு அவர் வரவில்லை என்பதை எந்த அட்டவணையும் நினைவு வைத்திருக்காது. ஒல்லியானதிலிருந்து அகலமானதை எத்தனை முறை வேண்டுமானாலும், எத்தனை விதமாக வேண்டுமானாலும் உண்டாக்கலாம். அகலமானதிலிருந்து திரும்பும் பாதை மட்டும் பல நேரம் அடைபட்டுப்போகிறது.

ஆகவே பள்ளி மதிப்பெண்ணோ, பால் சங்கக் கணக்கோ, கிராமத்துக் குடிநீர்த் தொட்டியின் அளவோ, மருந்தகத்தில் எடுக்கும் இரத்த அழுத்தமோ, எதைக் கணினியில் பதிந்து வைப்பவராக நீங்கள் இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அகலமான அழகிய தாளை அச்சடித்து அதிகாரிக்கு அனுப்புங்கள், சுவரில் ஒட்டுங்கள். ஆனால் அதற்கு மூலமாக இருந்த அந்த ஐந்து தாள்களை, ‘யார், எது, எவ்வளவு, எந்தத் தேதியில்’ என்ற ஒல்லி வரிகளை, அழித்துவிடாதீர்கள்.